உடன் நிற்றலும் உறவும்

பலர் ஓரிடத்தில் சேர்ந்து வாழ்வதனாலேயே ஒரு சமுதாயம் ஆகிவிடுகின்றனரா? அன்றி, ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவர்களுக்கு மட்டுமே அப்பெயர் உரியதா? இவ்வினா அறநூலார்க்கு மட்டும் உரியதன்று. காடுகளை ஆராய்ந்த தாவரவியலாரும் இதே வினாவை எழுப்பிப் பல்லாண்டுகள் வாதிட்டுள்ளனர். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் உள்ள வறண்ட ஓக், ஹிக்கரிக் காடுகள் அவ்வாதத்தை விளங்கிக்கொள்ளத் தக்க சான்றாகும்.

அப்பலாச்சிய மலைத்தொடரின் முகடுகளிலும், தெற்கும் தென்மேற்கும் நோக்கிய சரிவுகளிலும், ஓசார்க் மேட்டுநிலத்திலும் இக்காடுகளைக் காணலாம். அங்கே மண் ஆழமற்றது, கல் மிகுந்தது. பெய்த மழை விரைவில் வடிந்துவிடும். பிற்பகல் வெயில் நேரே தாக்கும். வெள்ளை ஓக், கருப்பு ஓக், செந்நிற ஓக் முதலியன ஓங்கி நிற்க, அவற்றிடையே வைரம் பாய்ந்த ஹிக்கரி மரங்கள் வளர்கின்றன. அவற்றின் நிழலில் டாக்வுட், சாஸஃப்ராஸ் ஆகிய சிறு மரங்களும், நிலத்தை ஒட்டிப் புளூபெர்ரிப் புதர்களும் கோரையினப் புல்லும் காணப்படும். ஒன்றன்கீழ் ஒன்றாக வகுத்து வைத்தாற்போன்ற இவ்வமைப்பைக் காண்போர், இதனை ஒரு குடும்பம் என்றே கருதுவர்.

பிரெடெரிக் கிளெமென்ட்ஸ் என்னும் அறிஞரும் அவ்வாறே கருதினார். தாவரச் சமுதாயம் ஓர் உயிரைப் போன்றது. அது தோன்றி, வளர்ந்து, முதிர்ச்சி எய்துகிறது என்று 1916-இல் வெளியிட்ட நூலில் அவர் விளக்கினார். ஹென்றி கிளீசன் இதனை மறுத்தார். ஒவ்வோர் இனமும் தனக்கேற்ற நீரையும் நிலத்தையும் பெற்ற இடத்தில் வேரூன்றுகிறது. அவ்வாறு தனித்தனியே வந்தவை அருகருகே நிற்பதையே நாம் சமுதாயம் என்கிறோம் என்று 1917-லும் 1926-லும் எழுதினார். அன்று அதனை ஏற்றோர் சிலரே. பின்னர் ராபர்ட் விட்டேக்கர் கிரேட் ஸ்மோக்கி மலைச்சரிவுகளின் தாவரங்களைக் கணக்கிட்டு 1956-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஓர் இனம் மிகுந்தும் அருகியும் காணப்படும் இடங்கள் மற்றோர் இனத்தின் இடங்களோடு ஒத்துப்போகவில்லை. ஒரு சமுதாயம் முடிந்து மற்றொன்று தொடங்கும் எல்லைக்கோடும் பொதுவாகப் புலப்படவில்லை.

ஏரிகளின் அடிச்சேற்றில் படிந்த பழைய மகரந்தத் தூளை ஆராய்ந்த மார்கரெட் டேவிஸ் கண்டதும் இதனோடு பொருந்துகிறது. பனியூழி முடிந்தபின் மரங்கள் கூட்டமாக வடக்கு நோக்கிப் பரவவில்லை. கனெக்டிகட் பகுதிக்கு ஓக் முன்னரே வந்துவிட்டது. ஹிக்கரி ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன்னரும், செஸ்ட்நட் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்னரும் வந்து சேர்ந்தன. பிரியாத இணைபோல் பெயரிலேயே சேர்த்து வழங்கப்படும் ஓக்கும் ஹிக்கரியும் அந்நிலத்தில் வெவ்வேறு காலத்தில் குடியேறியவையே.

இங்கே அறம் பற்றிய வினா எழுகின்றது. சமுதாயத்தை ஓர் உடலாகக் கருதும் கொள்கை இனியது. ஆயினும் அதனுள் ஓர் இடர் உண்டு. உடலுக்குள் புறத்திலிருந்து புகுவது நோயென்றே ஐயுறப்படும்; பிந்தி வந்தவன் எந்நாளும் அயலவனே. தற்செயலான கூட்டம் என்னும் கொள்கைக்கும் இடர் உண்டு. தற்செயலாக அருகில் நின்றவன் மறைந்தால் எனக்கென்ன என்று அது கேட்கத் தூண்டும்.

செஸ்ட்நட் மரத்தின் வரலாறு இவ்விரு கொள்கைகளையும் சோதிக்கின்றது. ஆசிய மரக்கன்றுகளோடு வந்த ஒரு பூஞ்சை, 1904-இல் நியூயார்க் விலங்குக் காட்சிசாலையில் கண்டறியப்பட்டது. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குள் அஃது அழித்த மரங்கள் 300 முதல் 400 கோடி வரை இருக்கும் என மதிப்பிடுவர். அவ்வெற்றிடத்தைப் பெரும்பாலும் ஓக்கும் ஹிக்கரியும் பிற மரங்களும் நிரப்பின. காடு மடியவில்லை, எனவே அஃது ஓர் உடலன்று. ஆனால் ஒன்றும் நேரவில்லை என்று கூற இயலுமா? செஸ்ட்நட் ஏறத்தாழ ஆண்டுதோறும் காய்த்து விலங்குகளுக்கும் மலைவாழ் மக்களுக்கும் உணவளித்தது. ஓக் ஓராண்டு மிகுதியாகக் காய்க்கும், மற்றோராண்டு பொய்க்கும். செஸ்ட்நட்டின் பழைய வேர்கள் இன்றும் தளிர்விடுகின்றன. பெருமரமாக வளர்வதற்குள் பூஞ்சை அவற்றைக் கொன்றுவிடுகிறது. இடம் நிரம்பியது; இழப்பு நிரம்பவில்லை.

தனித்தனியே வந்தவை சேர்ந்து வாழுங்கால் மெய்யான பிணைப்புகள் தோன்றுகின்றன. நீல ஜே என்னும் பறவையும் அணிலும் ஓக் கொட்டைகளை மண்ணில் புதைத்து வைக்கின்றன. உண்ணாது விட்டவை முளைக்கின்றன. வேரைப் பற்றிய பூஞ்சை மரத்துக்கு நீரும் உரச்சத்தும் தேடித்தந்து, மரம் ஆக்கிய சர்க்கரையைப் பெற்றுக்கொள்கிறது. உதிர்ந்து சுருண்டு உலர்ந்த ஓக் இலைகள் தரைத்தீயை எளிதில் பரப்புகின்றன. மெல்லிய பட்டையுடைய செம்மேப்பிள் கன்றுகள் அத்தீயில் கருக, கன்றுப்பருவத்து ஓக்கும் ஹிக்கரியும் எரிந்தாலும் வேரிலிருந்து மீண்டும் துளிர்த்து, திறந்த ஒளியில் வளர்கின்றன.

இத்தீயை மூட்டியவர்களுள் அந்நிலத்தின் தொல்குடி மக்களும் இருந்தனர். அவர்களுள் செரோக்கி மக்கள் 1838-இல் படைவலியால் தம் மலைகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். இருபதாம் நூற்றாண்டில் காட்டுத்தீயை எங்கும் அணைப்பதே கொள்கையாயிற்று. காக்கும் நோக்கத்தோடு செய்த அச்செயலால், மிக வறண்ட முகடுகள் நீங்கலாகப் பல இடங்களில் செம்மேப்பிள் மிகுந்து, அதன் நிழலில் இளைய ஓக் வளர இயலாமற் போயிற்று. மனிதரைக் கணக்கில் கொள்ளாது காட்டைக் காக்க முனைந்ததன் விளைவு இது.

மரங்களிடம் அறம் கற்கலாகுமா என்று கேட்பது நியாயமே. மரம் எதையும் எண்ணிச் செய்வதில்லை. அதற்குக் கடமையும் இல்லை, குற்றமும் இல்லை. ஆதலின் காடு நமக்குக் கட்டளையிடுவதாகக் கூறுவது பிழை. எனினும் நாம் இயற்கையின் பெயரால் கூறிவரும் ஒரு பொய்யை அது கலைக்கக்கூடும். ஒரே வேரிலிருந்து வந்தால்தான் உறவு என்பது அப்பொய். அவ்வாறே, வந்தவை யாவும் நன்மையே செய்யும் என்பதும் மெய்யன்று. ஹிக்கரியும் வந்ததுதான், செஸ்ட்நட்டைக் கொன்ற பூஞ்சையும் வந்ததுதான். வந்த காலத்தைக் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. வந்தபின் உடனிருப்பவற்றுக்கு நேர்ந்ததைக் கொண்டே அறியலாகும்.

பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலத்தில் வாழும் நம்மனோர்க்கு இது வெறும் காட்டு ஆராய்ச்சி அன்று. நாம் எப்போது வந்தோம் என்று அயலார் நம்மைக் கேட்கின்றனர். நமக்குப் பின் வந்தவரை நாமும் அவ்வாறே கேட்கின்றோம். மரத்துக்கு இல்லாத தேர்வு நமக்கு உண்டு. அருகில் வாழ நேர்ந்தது நம் விருப்பத்தால் அமையாதிருக்கலாம். அருகில் இருப்பவனுக்கு நாம் என்னவாக இருக்கிறோம் என்பது நம் பொறுப்பேயாகும். அப்பொறுப்பு, எத்தனை தலைமுறையாக இங்கே இருக்கின்றோம் என்னும் கணக்கைப் பொறுத்துக் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.