மூச்சை அடக்காத முக்குளிப்பு

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் நீச்சல் என்பது நெடுங்காலமாகக் கிணற்றில் கற்கப்படும் கலையாகவே இருந்து வந்துள்ளது. நெல்லுக்கும் கரும்புக்கும் மல்லாட்டைக்கும் நீர் பாய்ச்சத் தோண்டிய அகன்ற கிணறுகளில், முதுகில் சுரைக்குடுக்கையோ காலி பிளாஸ்டிக் கேனோ கட்டிவிடப்பட்ட சிறுவர்கள், அண்ணன்மாரும் மாமன்மாரும் மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க, கைகால்களை அடித்து மிதக்கப் பழகினர். பழகிய பின் அவர்கள் நாடிய அடுத்த தேர்ச்சி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியாழம் வரை முங்கி, தரையைத் தொட்டதற்குச் சான்றாக ஒரு பிடி சேற்றை அள்ளிக்கொண்டு மேலே வருவது. மரக்காணத்துக் கடற்கரை திண்டிவனத்துக்கு அண்மையில்தான் இருக்கிறது என்றாலும், உள்ளூர்க்காரர் பலருக்குத் தண்ணீரோடு உள்ள நெருக்கம் இந்தக் கிணற்றறிவோடு நின்றுவிடுகிறது.

அத்தகைய ஒருவர் அந்தமானுக்குப் பயணம் போன இடத்தில் பவளத்திட்டில் ஸ்கூபா முறையில் முக்குளிக்கக் கற்க முற்பட்டால், முதலில் காதில் விழும் விதி மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது என்பது. கடலில் இறங்குமுன் சொல்லப்படும் விதி, கண்ணில் படும் எதையும் தொடவோ எடுக்கவோ கூடாது என்பது. கிணறு கற்பித்த இரண்டு பாடங்களும் இவ்வாறு தலைகீழாகின்றன. ஒன்றும் அறியாதவருக்குக் கற்பிப்பது எளிது. ஏற்கெனவே கைவந்த திறமையைக் களைந்துவிட்டுத் தொடங்க வேண்டியவரின் கல்வி எத்தகையது, அது அவரை எவ்வாறு மாற்றுகிறது என்பதே இங்கு எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஸ்கூபா என்பது, அழுத்தி அடைக்கப்பட்ட காற்றைக் கொண்ட உருளையை முதுகில் சுமந்து, மேற்பரப்போடு குழாய்த் தொடர்பு எதுவுமின்றி நீருக்கடியில் மூச்சுவிடும் முறையாகும். 1943இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கான்யானும் உருவாக்கிய கருவி, சுற்றியுள்ள நீரின் அழுத்தம் எவ்வளவோ அவ்வளவு அழுத்தத்திலேயே காற்றை வாய்க்குத் தந்ததால், ஆழத்திலும் மார்பு தடையின்றி விரிய வழி பிறந்தது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் இரு மடங்கானால் காற்றின் பருமன் பாதியாகும் என்பது 1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி. கிணற்றில் முங்குபவர் மேலே இழுத்த மூச்சு அடியில் சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்கே திரும்புவதால் அவருக்குக் கேடில்லை. 10 மீட்டர் ஆழத்தில் உருளையிலிருந்து நுரையீரல் நிறைய மூச்சிழுத்தவர் அதை அடக்கிக்கொண்டே மேலெழுந்தாலோ, அதே காற்று இரு மடங்காக விரிய முயன்று நுரையீரலைக் கிழித்துவிடும். கிணற்றில் கைகொடுத்த பழக்கம் கடலில் உயிருக்கே உலை வைக்கிறது.

இவ்விதியை மனம் ஒரே நாளில் ஏற்றுக்கொள்ளும். உடல் அவ்வளவு எளிதில் இணங்குவதில்லை. பயிற்சியின் தொடக்கத்தில், இடுப்பளவு நீரில் மண்டியிட்டு அமர்ந்து, முகத்திலுள்ள கண்ணாடிக்குள் வேண்டுமென்றே நீரைப் புகவிட்டு, அதன் மேல் விளிம்பை விரல்களால் அழுத்தியபடி மூக்கால் ஊதி அந்நீரை வெளியேற்ற வேண்டும். நீர் மூக்கைத் தொட்டதும் மூச்சு தானாக நின்றுவிடுகிறது. நிறுத்தியது அவரல்ல, பல ஆண்டுக் கிணற்றுப் பழக்கம். வாயால் இழுத்து மூக்கால் விடும் அந்தச் சிறு செயலை அச்சத்தின் நடுவே மீண்டும் மீண்டும் செய்த பிறகே உடல் புதிய பழக்கத்துக்கு இடம் கொடுக்கிறது. முதிர்ந்த வயதில் எதைக் கற்க முனைபவருக்கும் வரும் இடர் இதுதான்: அறியாமையைவிடப் பழைய தேர்ச்சியே வழியை அடைத்து நிற்கிறது. அத்தேர்ச்சி பொய்யன்று; அதற்குரிய நீர் வேறு.

அடுத்து வருவது மிதப்புச் சமநிலை, அதாவது மேலெழாமலும் கீழே தாழாமலும் நீரின் நடுவே நிற்கும் நிலை. மிதப்புச் சட்டையில் காற்றை ஏற்றியும் இறக்கியும் இது ஓரளவு அமைகிறது என்றாலும், நுண்ணிய திருத்தம் முழுவதும் மூச்சைப் பொறுத்தது. மூச்சிழுத்தால் உடல் மெல்ல எழுகிறது, விட்டால் தாழ்கிறது, ஆனால் இரண்டுமே சற்றுத் தாமதித்து நிகழ்கின்றன. பொறுமையற்றவர் அத்தாமதத்துக்குள் இன்னொரு முறை இழுத்துவிட்டு, வேண்டியதற்கு மேல் எழுந்துவிடுகிறார். பதற்றத்தில் மூச்சு தாறுமாறாகி உடல் தாழும்போது, கை அருகிலிருப்பதைப் பற்றுகிறது. பவளத்திட்டில் அருகிலிருப்பது உயிர். கல்லைப் போலத் தோன்றும் அந்த மேற்பரப்பை ஒரு சாண் தொலைவிலிருந்து நோக்கினால், சில மில்லிமீட்டரே அகலமுள்ள குழிகள் நெருங்கியிருப்பதும், ஒவ்வொன்றிலும் வாயைச் சுற்றி உணர்விழைகள் கொண்ட பவள உயிரி ஒன்று ஒடுங்கியிருப்பதும் தெரியும். அவை சுரக்கும் சுண்ணாம்பே பாறையாகிறது. உருண்டு திரண்ட வகைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் மட்டுமே வளர்வதால், ஒரு கணப் பிடியில் உடைவது பல ஆண்டுகளின் வளர்ச்சியாக இருக்கக்கூடும். எனவே தன் உயிரைக் காக்கும் சீரான மூச்சும் பிறிதோர் உயிரை ஊறுபடாமல் காக்கும் ஒழுக்கமும் இங்கு ஒரே பயிற்சியில் அடங்குகின்றன. நல்லெண்ணம் மட்டும் உள்ளவர் பவளத்தை உடைத்துவிடுவார். மூச்சு வசப்பட்டவர் உடைக்கமாட்டார்.

இதைக் கொண்டு, எடுப்பது இழிவு என்றும் பார்ப்பதே உயர்வு என்றும் முடிவு கட்டுவது நியாயமாகாது. மன்னார் வளைகுடாவில் தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கி முத்தும் சங்கும் குளித்தவர்களுக்கு அது வயிற்றுப்பாடு. வெறுங்கையோடு மேலே வருவது அவர்கள் வீட்டில் உலையேறாத நாள். கடலில் எதையும் எடுக்காமல் திரும்ப முடிவது, சோறு வேறிடத்திலிருந்து வருபவருக்குக் கிடைத்த வசதி என்பதை மறைக்க வேண்டியதில்லை. எடுத்ததால் வளர்ந்த அறிவும் உண்டு. விழுப்புரம் மாவட்டத்து வழுதாவூர்ப் பகுதியில், ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த மண்ணிலிருந்து, கணவாயின் பண்டைய உறவான அம்மோனைட்டின் சுருள் ஓடுகள் உள்ளிட்ட புதைபடிவங்களைக் கே, கன்லிஃப் என்னும் ஆங்கிலேயர் திரட்டி அனுப்பியதாலேயே, இயற்கையியலாளர் எட்வர்டு ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846இல் விவரிக்க முடிந்தது. தாம் உழுத நிலம் ஒருகாலத்தில் கடல் என்பதை அவ்வூரார் அறிய அதுவும் ஒரு வழியாயிற்று.

ஆயினும் எடுத்தலுக்கு எல்லை தவறியதன் விளைவும் அதே மன்னார் வளைகுடாவில் கண்கூடு. சுண்ணாம்புக்கும் கட்டடக் கல்லுக்கும் பவளம் வெட்டப்பட்டதால் அலையைத் தடுக்கும் அரண் மெலிந்து, அங்குள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டு நீருக்குள் மூழ்கின. 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001இல் பாறையமைக்கும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன.

தொடாமையும்கூடப் போதுமானதாக இல்லை என்பதே கற்பவர் எதிர்கொள்ள வேண்டிய கடினமான உண்மை. பவள உயிரியின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளியைக் கொண்டு உணவு ஆக்கி அதற்கு ஊட்டுகின்றன. நீரின் வெப்பம் வழக்கத்தைவிட ஓரிரு பாகை கூடி வாரக்கணக்கில் நீடித்தால், உயிரி அப்பாசிகளை இழந்து வெண்சுண்ணாம்பாகத் தெரிகிறது. வெளுத்தல் எனப்படும் இது நீடித்தால் பட்டினியில் முடியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் அது நேர்ந்தது. கடலுக்குள் கை நீட்டியவர் எவரும் அதற்குக் காரணமல்லர். கரி எரிந்து வந்த மின்சாரமும் எரிபொருளும் கடலைச் சூடாக்குவதில், கடலைக் கண்டிராத ஊர்களுக்கும் பங்குண்டு. பவளத்திட்டுக்குப் பறந்து செல்லும் பயணத்துக்கும் பங்குண்டு. மூச்சையும் மிதப்பையும் ஒழுங்குபடுத்தக் கற்பிக்கும் பயிற்சிகள், கரையேறிய பின் நீளும் இந்தப் பங்கையும் அதே கண்டிப்போடு பாடத்தில் சேர்க்க வேண்டும்.