சிரித்தால்தான் தெரியும்

வளையல் அடுக்கி முடித்து, கலவைச்சோறு பரிமாறிக்கொண்டிருந்த நேரம். பெரிய அத்தை தன் கல்யாணக் கதையை எடுத்தாள். மாப்பிள்ளை என்று நினைத்து சமையல்காரருக்கு முதல் காப்பியைக் கொடுத்த கதை. குறைந்தது நாற்பது தடவையாவது கேட்டிருப்போம். ஆனாலும் அவள் அந்தச் சமையல்காரரின் மீசைக்கு வந்து சேரும்போது யாராலும் சிரிக்காமல் இருக்க முடியாது. அக்கா மகளும் சிரித்தாள். சிரிப்பதற்கு ஒரு நொடி முன்னால் அவளுடைய இரண்டு கைகளும் மேலே போயின. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து இரண்டு கண்ணோரங்களிலும் வைத்து, தோலை லேசாகப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் சிரித்தாள். வாய் திறந்தது, சத்தம் வந்தது. கண் மட்டும் அப்படியே இருந்தது. சிரிப்பு ஓய்ந்ததும் விரல்கள் இறங்கித் தட்டில் இருந்த அப்பளத்தை நொறுக்கப் போய்விட்டன.

வேறு யாரும் கவனித்த மாதிரி இல்லை. நான் கவனித்ததற்குக் காரணம் இருந்தது. அந்த விரல்களை அங்கே கொண்டுபோய் வைத்தது நான்தான் என்று எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் தோன்றுகிறது.

அன்று காலையில்தான் சென்னையிலிருந்து இரவுப் பேருந்தில் வந்து இறங்கியிருந்தாள். வயது 26. குளித்துவிட்டு ஜன்னலோரம் நின்று, செல்போனை முகத்துக்கு நேராகப் பிடித்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"சித்தி, இங்க கொஞ்சம் பாருங்களேன். இது கோடா, இல்ல ராத்திரி தூங்காததுனால தெரியுதா?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் விழுந்து எழுந்த பிள்ளைகளின் முட்டியை இப்படித்தான் பார்ப்பது. ஒன்றும் தெரியவில்லை.

"எங்கட்டி? ஒண்ணும் இல்லையே."

"இப்பப் பாருங்க" என்று சிரித்துக் காட்டினாள். இடது கண் முடிகிற இடத்தில் நூல் நூலாக மூன்று. முடி விழுந்து ஒட்டியிருக்கிற மாதிரி.

"சிரிச்சாத்தான தெரியுது. அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டு சட்னி அரைக்கப் போய்விட்டேன்.

நான் சொன்னதில் பிழை கிடையாது. பத்தொன்பது வருடமாக உயிரியல் நடத்துகிறவள் நான். தசை சுருங்கும்போது மட்டும் வந்து போகிற மடிப்பு வேறு, முகம் சும்மா இருக்கும்போதும் போகாமல் தங்கிவிட்ட மடிப்பு வேறு. அவளுடையது முதல் வகை. ஆறுதலாகத்தான் சொன்னேன். அவள் அதைக் குறிப்பாக எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. சிரித்தால்தான் தெரியும் என்றால், சிரிக்கும்போது பிடித்துக்கொண்டால் போயிற்று.

என் அப்பாவுக்கு இரண்டு முகம். குணத்தைச் சொல்லவில்லை, தோலைச் சொல்கிறேன். திருநெல்வேலியிலிருந்து மதுரைக்குப் போகும் அரசுப் பேருந்தில் ஓட்டுநராக இருந்தார். காலையில் வடக்கே பார்த்து ஓட்டுவார். கிழக்கே ஏறுகிற வெயில் அவருடைய வலது பக்கம். பகல் சாய்ந்து திரும்புகையில் தெற்கே பார்த்து ஓட்டுவார். இப்போது மேற்கு வெயில், அதுவும் வலது பக்கம். சூரியனும் அவரும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டது போல. நம் ஊரில் ஓட்டுநர் ஜன்னலும் வலதில்தானே இருக்கிறது. சில நாட்களில் ஈரத்துண்டை வலது தோளில் போட்டுக் காது வரைக்கும் இழுத்து விட்டுக்கொள்வாராம். கயத்தாறு வருவதற்குள் அது காய்ந்துவிடும்.

இடது பக்கமிருந்து பார்த்தால் அவர் முப்பத்தைந்து வயது ஆள். வலது பக்கம் கறுத்து, வரிவரியாக, கன்னம் சுண்டைவற்றல் மாதிரி. சின்ன வயதில் நானும் அக்காவும் அவருக்கு ஆளுக்கொரு பக்கம் படுப்போம். "அப்பா பக்கம்", "தாத்தா பக்கம்" என்று பெயர் வைத்திருந்தோம். அப்பா பக்கத்துக்குத்தான் சண்டை. தோற்றவளுக்குத் தாத்தா பக்கம். நான் இளையவள், பெரும்பாலும் தோற்றேன். அதனால் அந்த வரிகள் எனக்கு மனப்பாடம். கண்ணோரத்தில் தொடங்கி விசிறி மாதிரி விரிந்து, ஒன்று மட்டும் காதுமடல் வரை போய்ச் சேரும். அதில் விரலை வைத்து மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டே தூங்கிவிடுவேன். இப்போது நினைத்தால், என் விரலும் ஒரு கண்ணோரத்தில்தான் இருந்திருக்கிறது.

2012இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. 69 வயது மனிதர். 28 வருடம் சரக்கு வண்டி ஓட்டியவர். முகத்தின் ஒரு பாதி வழவழவென்று இருக்கிறது, மறுபாதி தடித்து, பள்ளம் பள்ளமாகத் தொங்குகிறது. அவருக்கு இடது பாதி, அந்த நாட்டில் ஸ்டியரிங் அந்தப் பக்கம் என்பதால். எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் யாரோ செல்போனில் காட்டினார்கள். எனக்கு அப்பாவைக் கண்ணாடிக்குள் பார்த்தது போல இருந்தது.

அந்தப் படத்தை வைத்து நான் வகுப்பே எடுத்திருக்கிறேன். புற ஊதாக் கதிரில் பி வகைதான் தோலைச் சுட்டுக் கன்றச் செய்வது. அதை ஜன்னல் கண்ணாடி பெருமளவு தடுத்துவிடும். ஏ வகை சுடாது, எரியாது, வந்ததே தெரியாது. கண்ணாடியைத் தாண்டும், மேகத்தைத் தாண்டும், மேல்தோலையும் தாண்டி உள்ளே இறங்கும். அங்கே கொலாஜன் என்ற புரத நார்கள் தோலைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. நார்க்கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள் என்பேன். வெயில் பட்டால் உடம்பே சில நொதிகளைச் சுரந்து அந்த நாரை அங்கங்கே நறுக்கிவிடும். ஒவ்வொரு நாராக அறுவதால் கட்டில் தொய்வது கண்ணுக்குத் தெரியாது. தெரியும்போது பாதி அறுந்திருக்கும். பிள்ளைகள் ஆவலாகக் கேட்பார்கள். பேருந்து ஓட்டுநர் ஒருவருடைய மகள் இதைச் சொல்கிறாள் என்று அவர்களுக்குச் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்பது வேறு கட்டுரை.

ஆகவே, அக்கா மகளின் அறையில் இருந்த புட்டிகளைப் பார்த்து நான் சிரித்துவிட்டுப் போக முடியாது. காலையில் சன்ஸ்கிரீன். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும் என்று எனக்கே பாடம் எடுத்தாள். மறுபடியும் அந்த இரண்டு விரல். எஸ்.பி.எஃப் 30 என்றால் பி வகைக் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். அது மட்டும் போதாது, ஏ வகைக்குத் தனியாக பி.ஏ. என்று போட்டுப் பக்கத்தில் எத்தனை கூட்டல் குறி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். நம்மில் பலர் மாவு பூசுகிற அளவில் தொட்டுப் பூசிக்கொண்டு, போட்டேனே, ஒன்றும் ஆகவில்லையே என்கிறோம். அவள் சொன்னது எல்லாமே சரி. ஆஸ்திரேலியாவில் நாம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரை நாலரை வருடம் கவனித்திருக்கிறார்கள். பாதிப்பேர் தினமும் பூசினார்கள், மீதிப்பேர் இஷ்டப்படி. 2013இல் வெளியான முடிவின்படி தினமும் பூசியவர்களின் தோல் 24 சதவீதம் குறைவாக மூத்திருந்தது. அதை அளந்தது முகத்தில் அல்ல, புறங்கையில் அச்சு எடுத்து. படித்தபோது ஒன்றும் தோன்றவில்லை. வளைகாப்புக்குப் பிறகு தோன்றுகிறது: புறங்கையை அளந்தது நல்லதாகப் போயிற்று. புறங்கை சிரிப்பதில்லை.

ராத்திரிக்கு ரெட்டினால். வைட்டமின் ஏ குடும்பம். அதன் மூத்த உறவான ட்ரெடினாயின் 1971இல் அமெரிக்காவில் பருவுக்கு மருந்தாகத்தான் வந்தது. பருவுக்குப் பூசிய நடுவயதுப் பெண்களின் தோல் வழவழப்பாவதைப் பார்த்த பிறகுதான் சுருக்கத்துக்கு என்று ஆராய ஆரம்பித்தார்கள். வளையல் போட்டுக்கொண்ட பெண்ணும் அதைத்தான் பூசிக்கொண்டிருந்தாளாம். "உண்டானதுமே டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாங்க" என்றாள். இரண்டு பேரும் இதைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள். எங்கள் காலத்தில் வளைகாப்பு வீட்டில் பேசியது வேறு.

வேறு என்று சொல்கிறேனே தவிர, நாங்கள் ஒன்றும் துறவிகள் அல்ல. எங்கள் அம்மாவுக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு. நம்மைப் போன்ற நிறத்துக்கு மெலனின் குடை பிடிக்கிறது. சுருக்கம் வெள்ளைக்காரர்களைவிடத் தாமதமாகத்தான் வரும். அந்தக் குடையே அங்கங்கே திட்டாகத் தேங்கி மங்காகிவிடும். கஸ்தூரி மஞ்சள், பயத்தமாவு, பாலாடை என்று அம்மா போடாதது இல்லை. எதுவும் கேட்கவில்லை, எதுவும் கெடுக்கவும் இல்லை. அடுத்த வீட்டு அக்காவுக்குத்தான் கெட்டது. மருந்துக்கடையில் சும்மா கேட்டு வாங்கிய களிம்பு, ஸ்டீராய்டு கலந்தது. பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆனது. தெருவே பொறாமைப்பட்டது. வருடம் திரும்புவதற்குள் தோல் வெங்காயத்தோல் மாதிரி மெலிந்து, உள்ளே ரத்தநாளம் தெரிந்தது. களிம்பை நிறுத்தினால் எரிச்சல், போட்டால் மெலிவு. அம்மா அன்றோடு பாலாடைக்கே திரும்பிவிட்டாள்.

எங்கோ போய்விட்டேன். விரலுக்கு வருகிறேன்.

டுஷேன் என்று ஒரு பிரெஞ்சு மருத்துவர். 1862இல் முகத்தசைகளைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். பல் போன ஒரு கிழவரின் முகத்தில் மின்சாரத்தை வைத்து ஒவ்வொரு தசையாகச் சுண்டிப் பார்த்தவர். கல்லூரியில் அரைகுறையாகப் படித்தது. படங்கள் பயங்கரமாக இருந்ததால் நினைவில் நின்றுவிட்டது. அவர் சொன்னதன் சாரம் இது: வாயை அகட்டுகிற தசை நாம் சொன்னபடி கேட்கும், கண்ணைச் சுற்றி வளையமாக இருக்கும் தசை அப்படிக் கேட்காது, உள்ளே சந்தோஷம் இருந்தால்தான் அது அசையும். அசைந்தால் கண்ணோரத்தில் மடிப்பு விழும். பின்னால் வந்தவர்கள் கொஞ்சம் மறுத்திருக்கிறார்கள். கண்ணாலும் நடிக்கத் தெரிந்தவர்கள் உண்டு என்று. இருக்கட்டும். அக்கா மகள் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டது அந்த மடிப்பைத்தான்.

இதே வேலையைச் செய்ய ஊசி இருக்கிறது. கெட்டுப்போன உணவில் வளரும் ஒரு கிருமியின் நஞ்சை மிகக் கொஞ்சமாக எடுத்து, நரம்பிலிருந்து தசைக்குச் சேதி போகாமல் நிறுத்திவைக்கிறார்கள். மூன்று நான்கு மாதம் தாங்கும். அமெரிக்காவில் புருவங்களுக்கு நடுவில் விழும் கோட்டுக்கு 2002இலும் கண்ணோரத்துக்கு 2013இலும் அனுமதி கொடுத்தார்கள். அலுவலகத்தில் கூட வேலை பார்க்கிற, தன் வயதே ஆன ஒருத்தி போட்டுக்கொண்டாள் என்று இவள் சொன்னாள். "விழுறதுக்கு முன்னாடியே போட்டா விழவே விழாதாம் சித்தி." நான் வாயைத் திறக்கவில்லை. ஒருமுறை திறந்ததன் பலனை அன்று மத்தியானம்தான் பார்த்திருந்தேன்.

நரை, திரை, மூப்பு என்று வரிசையாகச் சொல்வோம். நடுவில் உள்ள திரைதான் சுருக்கம். கடல் அலையும் திரை. சினிமாக் கொட்டகையில் கட்டியிருப்பதும், அவள் கையில் பிடித்துப் பார்த்ததும் திரை. எட்டு வயதில் டூரிங் கொட்டகைத் திரையில் 'ஔவையார்' பார்த்தேன். ஜெமினியின் 1953ஆம் வருடப் படம், அதற்குள் தேய்ந்து மழை பெய்துகொண்டிருந்தது. அப்பாவுக்கு அன்று விடுமுறை. கல்யாணத்துக்கு நிற்கிற பெண் பிள்ளையாரிடம் அழுது, இளமையை எடுத்துக்கொள் என்று கேட்டு, கிழவியாகிவிடுகிறாள். அந்தக் கிழவியாக வந்த கே.பி. சுந்தராம்பாளுக்கு அப்போது 45 வயதுகூட நிறையவில்லை. என்னைவிடச் சின்னவர் என்று இப்போது கணக்குப் போட்டால் சங்கடமாக இருக்கிறது. எனக்கு அன்றைக்கு ஒன்றுதான் புரியவில்லை. யாராவது கேட்டு வாங்குவார்களா கிழத்தனத்தை? அப்பாவைக் கேட்டேன். "கிழவியாயிட்டா எந்த ஊருக்கும் தனியாப் போலாம்லா" என்றார். ஊர் ஊராகப் போய்வருகிறவர் சொன்ன பதில். அவருடைய எந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் என்று நினைவில்லை.

ஔவையை அக்கா மகளுக்குச் சொல்லிப் பார்க்கலாமா என்று நினைத்துக் கைவிட்டேன். அவள் ஏற்கெனவே எந்த ஊருக்கும் தனியாகப் போகிறாள். அதற்குக் கிழத்தனம் வேண்டியிருக்கவில்லை. வேலையிலும் வெளியிலும் அவள் முகத்தை யார் எப்படிப் படிக்கிறார்கள் என்பது அவளுக்குத்தான் தெரியும். எனக்குப் பிள்ளைகளின் முட்டிதான் தெரியும். வெயிலை அண்டவிடாதே என்று சொல்லும்போது நான் அப்பாவின் வலது கன்னத்தை நினைத்துச் சொல்கிறேன், அது மெய். பயப்படாமல் சிரி என்று சொல்லத் தோன்றும்போதும் அதே கன்னத்தைத்தான், விரல் ஓட்டிக்கொண்டு தூங்கிய அதே வரியைத்தான் நினைக்கிறேன். அப்பாவிடம் கேட்டிருந்தால் அந்தப் பக்கம் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். ஸ்டூடியோவில் படம் எடுக்கும்போதெல்லாம் இடது பக்கத்தைத் திருப்பிக் காட்டியவர் அவர்.

போன வாரம் அவளே போன் செய்தாள். பெரிய அத்தையின் கதையில் சமையல்காரரின் மீசை இப்போது புதிதாக ஒரு சுழி சுழித்திருக்கிறது என்று சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். நான் காதை அழுத்தி வைத்துக் கேட்டேன். நல்ல சிரிப்பு. ஆனால் வளைகாப்பு வீட்டிலும் சத்தம் நன்றாகத்தான் வந்தது.

"வீடியோல வரட்டுமா சித்தி?" என்றாள்.

பால் அடுப்பில் இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.