வாங்கியவள் கேள்வி கேட்கலாமா?

தாம்பரத்திலிருந்து கிளம்பும் பிங்க் பஸ்ஸில் ஒரு பெண், நிறுத்தத்தில் வண்டி நிற்கவில்லை என்று குரலை உயர்த்தினால் கூட்டத்திலிருந்து பதில் வரும்: "ஓசிலதானே வர்றே, என்ன சத்தம்?" சில சமயம் பக்கத்து இருக்கைக்காரியே, "சும்மாதானே போறோம், விடு" என்று அவளை அடக்கிவிடுகிறாள். வாங்கியவள் கேள்வி கேட்கலாமா என்பது நம் ஊரில் தினமும் எழும் அறக்கேள்வி.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2021 மே மாதம் தொடங்கிய கட்டணமில்லாப் பயணத்துக்கான தொகையை அரசு, போக்குவரத்துக் கழகங்களுக்கு மானியமாகக் கொடுக்கிறது. அது மக்களின் வரிப்பணம். சோப்பும் பற்பசையும் வாங்கும்போதெல்லாம் வரி கட்டுகிற வீட்டுவேலைக்காரப் பெண்ணின் பணமும் அதில் இருக்கிறது.

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய திட்டத்தின் பெயரே 'கலைஞர் மகளிர் உரிமைத் தொகை'. வீட்டுக்குள் பெண் செய்யும் கூலியில்லாத உழைப்புக்கான அங்கீகாரம் என்று அரசே சொன்னது. மாதம் 1,000 ரூபாய் என்றால் நாளொன்றுக்கு 33 ரூபாய். அந்த உழைப்புக்கு இது விலையாகாது. ஆனாலும் 'உரிமை' பெரிய சொல். அரசு சொல்லிவிட்ட அந்தச் சொல்லை நாம் இன்னும் சொல்லப் பழகவில்லை. "மாசாமாசம் போடறாங்க, நன்றியோட இருக்கணும்" என்கிறோம். திட்டத்தின் பெயரிலும் ஒரு தலைவர் இருக்கிறார். உரிமையும் நன்றியும் ஒரே பலகையில் எழுதப்பட்டிருக்கின்றன.

நன்றி பெரிய குணம்தான். செய்ந்நன்றி அறிதலுக்கென்று குறளில் தனி அதிகாரமே உண்டு. ஆனால் நன்றி, தன்னுடையதை எடுத்துக் கொடுத்தவருக்கு உரியது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, தன் வீட்டு அரிசியைப் பொங்கி அடுத்த வீட்டுக்குக் கொடுத்தவளுக்கு ஆயுளுக்கும் கடன்பட்டிருக்கலாம். அந்த வெள்ளத்தின்போதே நிவாரணப் பொருட்களில் அன்றைய முதல்வரின் படம் ஒட்டப்பட்டது சர்ச்சையானது. அடுத்த வீட்டுக்காரிக்கு நன்றி சொல்வோம். படம் ஒட்டிய பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, 'ஆற்றின் வழியில் மனை போட அனுமதித்தது யார்?' என்று கேட்போம். ஆட்சி மாறினால் படம் மாறும், கேள்வி மாறாது.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், சமயத்தில் பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாகலாம், அரசியலில் அது சீரழிவுக்கும் சர்வாதிகாரத்துக்குமே கொண்டுபோய்விடும் என்று எச்சரித்தார். நம் தெருப் பெண்களின் பக்தியைப் பார்த்தால் இன்னொன்றும் புரியும். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறவள், பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் அதே அம்மன் முன்னால் நின்று, "உனக்குக் கண்ணில்லையா?" என்று சண்டை போடுகிறாள். யாரும் அவளை நன்றி கெட்டவள் என்பதில்லை. பெற்ற தாயிடம் பேசுகிற உரிமை அது என்று விட்டுவிடுகிறார்கள். அம்மனிடம் எடுத்துக்கொள்ளும் அந்த உரிமையை வார்டு கவுன்சிலரிடம் எடுத்துக்கொள்ளத்தான் நா எழுவதில்லை.

நன்றிக்கடன் எல்லோர் தலையிலும் ஒரே மாதிரி ஏற்றப்படுவதும் இல்லை. வரிச்சலுகை பெற்ற முதலாளியை யாரும் ஓசி என்று சொல்லிக் கேட்டதில்லை. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியில், மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. 2022இல் வசந்தகுமாரி கமலக்கண்ணன் முதல் மேயரானார். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டமே சொல்கிறது. ஆனாலும் ஒதுக்கீட்டில் வரும் பெண்ணைப் பற்றிப் பேசும்போது பலர் வாயில் 'கொடுத்த பதவி' என்றே வருகிறது. தலைமுறைகளாகக் கேட்காமலே நாற்காலி கிடைத்தவர்களுக்கு யார் கொடுத்தது என்று எவரும் விசாரிப்பதில்லை. கொடுத்த பதவி என்று நம்பவைக்கப்பட்டவள், கொடுத்தவர் முகம் பார்த்தே பேசுவாள். நன்றிக்குள் ஒளிந்திருக்கும் கட்டுப்பாடு அதுதான்.

வாங்கியவள் கேட்கலாம். சொல்லப்போனால், தன் பங்கைத்தான் வாங்கினோம் என்று தெரிந்தவளுக்கே கேட்கும் தெம்பு வரும். தெருவில் கழிவுநீர் தேங்கினால் மாநகராட்சிக்கு மனு எழுதுங்கள். 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்ற வரியை மட்டும் விட்டுவிட்டு, தெருவின் பெயரையும், எத்தனை நாளாகத் தேங்கியிருக்கிறது என்பதையும் எழுதிப் பாருங்கள். மனுவில் ஒரு குறையும் வராது.