இலவசம் என்பது யார் செலவு?

ஒருவர் கொழும்பிலிருந்து புறப்படுகிறார். டோஹா, இலண்டன், நியூயோர்க், லொஸ் ஏஞ்சல்ஸ், ரோக்கியோ, ஹொங்கொங் என்று உலகை ஒருமுறை வலம்வந்து மீண்டும் கொழும்பில் இறங்குகிறார். நேரே செல்லக்கூடிய வழியை விட்டு வேண்டுமென்றே சுற்றுவழி போகிறார். ஒரே பறப்பில் முடியக்கூடியதை இரண்டாகவும் மூன்றாகவும் பிரித்துக்கொள்கிறார். அவ்வூர்களில் அவருக்கு வாணிபமும் இல்லை, உறவினரும் இல்லை, பார்க்கவேண்டுமென்ற ஆவலும் பெரிதாக இல்லை. சில இடங்களில் விமான நிலையத்தைவிட்டு வெளியே வருவதுகூட இல்லை. ஆயினும் அவர் வீணே அலைந்தார் என்று எண்ணிவிடலாகாது. அவருடைய கணக்கில் புள்ளிகள் ஏறியிருக்கின்றன. அப்புள்ளிகள் அவருக்குத் தங்க அட்டையையும், தனி ஓய்வறையையும், வருங்காலத்தில் ஓர் இலவச ஆசனத்தையும் பெற்றுத்தரும்.

இத்தகைய பயணங்களைத் திட்டமிடுவது இன்று ஒரு கலையாகவே வளர்ந்துவிட்டது. அதனை நகைத்து ஒதுக்குவது எளிது. கண்டு பொறாமைப்படுவது அதனினும் எளிது. நாம் இரண்டையும் விடுத்து ஒரு கேள்வியை மட்டும் எழுப்ப விரும்புகிறோம். விதி எதனையும் மீறாது ஒருவர் பெறும் ஆதாயம், மீறவில்லை என்ற காரணத்தாலேயே நேர்மையான ஆதாயமாகிவிடுமா?

முதலில் இவ்வெகுமதியின் பிறப்பை நோக்குவோம். 1978ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் விமானக் கட்டணங்களையும் தடங்களையும் தானே நிர்ணயிக்கும் முறையைக் கைவிடச் சட்டமியற்றியது. கம்பனிகளிடையே போட்டி மூண்டது. ஒரு கம்பனியின் ஆசனத்துக்கும் மற்றொன்றின் ஆசனத்துக்கும் பெரும் வேற்றுமை இல்லாதபோது, பயணியை விட்டகலாது பிணைத்துவைப்பது எங்ஙனம்? 1981 மே மாதத்தில் அமெரிக்கன் எயர்லைன்ஸ் பறந்த மைல்களுக்குப் பரிசளிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. சில நாள்களுக்குள் யுனைட்டெட் கம்பனியும் அதனைப் பின்பற்றியது. 1997இல் ஐந்து கம்பனிகள் கூடி ஸ்டார் கூட்டணியை அமைத்தன. 1999இல் வன்வேர்ள்ட் கூட்டணி செயற்படத் தொடங்கிற்று. ஒரு கம்பனியில் பறந்து மற்றொன்றில் புள்ளி சேர்க்கும் வாய்ப்பு இவ்வாறு உலகளாவியதாயிற்று. 2014இல் ஸ்ரீலங்கன் விமான சேவையும் வன்வேர்ள்டில் இணைந்தது.

இக்கூட்டணி உலகஞ் சுற்றும் பயணச்சீட்டு ஒன்றை விற்கிறது. அதன் விலை தூரத்தைக் கொண்டன்று, தொடும் கண்டங்களின் எண்ணிக்கையைக் கொண்டே கணிக்கப்படும். பதினாறு பறப்புகள்வரை அதில் அடங்கலாம். எந்நாட்டில் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தும் விலை மாறும். ஆகவே செல்வ நாடொன்றில் வாழ்பவர், விலை குறைந்த நாடொன்றுக்கு முதலில் வந்து அங்கிருந்து சுற்றைத் தொடங்குவார். அத்தகைய தொடக்க இடங்களுள் ஒன்றாகக் கொழும்பும் பேசப்பட்டு வந்திருக்கிறது. நாம் முற்கூறிய பயணி இந்நாட்டவராயிருக்க வேண்டுவதில்லை என்பது இப்போது விளங்கும்.

புள்ளிக் கணக்கையும் சற்றுப் பார்ப்போம். பிரிட்டிஷ் எயர்வேஸின் பழைய முறையில், வணிக வகுப்பில் 2000 மைலுக்கு மேற்பட்ட ஒரு பறப்புக்குப் பொதுவாக 140 புள்ளியும், குறுந்தூரப் பறப்புக்கு 40 புள்ளியும் கிடைத்தன. நெடுந்தூரம் ஒன்பதும் குறுந்தூரம் ஏழுமாகப் பதினாறு பறப்புகளை அடுக்கினால் 1540 புள்ளிகள் சேரும். தங்க நிலைக்கு வேண்டியவை 1500. நேர்வழியைவிடச் சுற்றுவழி ஏன் சிறந்ததாயிற்று என்பதன் இரகசியம் இதுதான்.

இப்பயணியின் பக்கத்து நியாயத்தையும் நாம் நேர்மையாகக் கூறவேண்டும். விதிகளை வகுத்தது அவரல்ல, கம்பனியே. ஆயிரம் நிபந்தனைகளைச் சிற்றெழுத்தில் மறைத்துவைத்துப் பொதுமக்களை மயக்கும் பெருநிறுவனத்தைச் சாதாரண மனிதன் ஒருவன் அதன் விதிகளைக்கொண்டே வெல்லும்போது, நம் உள்ளம் அவன் பக்கமே சாய்கிறது. 1999இல் கலிபோர்ணியாவைச் சேர்ந்த பொறியியலாளர் ஒருவர், ஓர் உணவுக் கம்பனியின் விளம்பர அறிவிப்பைக் கூர்ந்து படித்து, மலிவான புடிங் கிண்ணங்கள் ஏறக்குறைய 12,000ஐச் சுமார் 3000 டொலருக்கு வாங்கினார். அவற்றின் சிட்டைகளை அனுப்பிப் பன்னிரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மைல்களைப் பெற்றார். புடிங்கையோ, சிட்டைகளைக் கிழிக்க உதவிய தர்ம ஸ்தாபனத்துக்கே அளித்துவிட்டார். இக்கதையைக் கேட்டு முகஞ்சுளிப்பவர் அரிது. நாமும் சுளிக்கவில்லை. புலம்பெயர்ந்து உழைக்கும் ஒருவர், சேர்ந்த புள்ளிகளைக் கொண்டு தாயைப் பார்க்க ஊருக்கு வருவாராயின் அதிலும் குறை காணோம்.

ஆயின், வென்றவன் ஒருவன் இருப்பின் தோற்றவன் ஒருவனும் இருத்தல் வேண்டுமன்றோ? தோற்றவர் எப்போதும் கம்பனியாரே என்று நம்பிவிடுவதில்தான் பிழை தொடங்குகிறது.

இன்று புள்ளிகளிற் பெரும்பகுதி ஆகாயத்திற் பிறப்பதில்லை; கடைத்தெருவிலே பிறக்கிறது. கடனட்டையால் ஒருவர் பொருள் வாங்கும்போது கடைக்காரர் வங்கித் தரப்புக்கு ஒரு கட்டணம் இறுக்கிறார். வங்கி அதன் ஒரு பங்கைக் கொண்டு விமானக் கம்பனியிடம் புள்ளிகளை வாங்கி அட்டைக்காரருக்கு அளிக்கிறது. கடைக்காரரோ அக்கட்டணத்தைப் பொருளின் விலையில் ஏற்றிவிடுகிறார். அவ்விலையை அட்டைக்காரர் மட்டுமா கொடுக்கிறார்? கையிற் காசை எண்ணிக் கொடுத்துப் பாண் வாங்கும் ஏழையும் அதே விலையைத்தான் கொடுக்கிறார். அமெரிக்க மத்திய வங்கி அமைப்பின் பொஸ்டன் கிளை ஆய்வாளர்கள் 2010இல் இதனைக் கணித்தனர். பணமாகக் கொடுக்கும் குடும்பம் ஒன்று ஆண்டுக்குச் சராசரி 149 டொலரை அட்டைக் குடும்பங்களுக்கு அளிக்கிறது. அட்டைக் குடும்பம் ஒன்று 1133 டொலரைப் பெறுகிறது. இலவச ஆசனத்துக்கு விலையில்லை என்பது பொய். விலையைக் கொடுத்தவர் அவ்வாசனத்தில் அமரவில்லை என்பதே உண்மை.

கடமைக்காகப் பறந்து சேர்த்த புள்ளி எவருடையது என்ற வினாவும் உண்டு. 2002இல் ஜேர்மனியில், பாராளுமன்ற அலுவலுக்காகப் பறந்து சேர்த்த மைல்களை அங்கத்தவர் சிலர் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தியமை வெளியாயிற்று. பேர்லின் மாநிலத்தின் பொருளாதாரப் பொறுப்பை வகித்த கிரெகோர் கீசி பதவி துறந்தார். தொகை சிறிது, ஆயினும் பொதுப் பணத்தின் நிழலும் பொதுச் சொத்தே என்ற கொள்கை பெரிது.

இனி, எவருடைய கணக்கிலும் எழுதப்படாத செலவொன்றும் உண்டு. வணிக வகுப்பின் ஆசனம் விமானத்தில் அதிக இடத்தை அடைப்பதால், அதிலமர்பவர் ஒருவரின் பங்குக்கு விழும் கரிப்புகை சாதாரண ஆசனத்தவரதைப்போல ஏறக்குறைய மும்மடங்கு என்று உலக வங்கியின் ஆய்வு ஒன்று 2013இல் காட்டியது. தேவைக்காகப் பறப்பவர் இப்புகைக்குத் தம் தேவையைக் காரணமாகச் சொல்லலாம். புள்ளிக்காகப் பறப்பவர் எதனைச் சொல்வார்? கடல் பொங்கிக் கரையை அரிக்கும்போது குடிசையை இழப்பவனிடம் எத்தங்க அட்டையும் இருப்பதில்லை.

இவ்வளவும் செய்து அவர் உண்மையிலே கம்பனியை வென்றாரா? பெருந்தொற்றினால் விமானங்கள் தரையில் முடங்கிய 2020இல், யுனைட்டெட் கம்பனி தன் வெகுமதித் திட்டத்தையே ஈடுவைத்து 680 கோடி டொலர் திரட்டியது. 2021இல் அமெரிக்கன் எயர்லைன்ஸ் அவ்வாறே 1000 கோடி டொலர் திரட்டியது. பயணியின் கெட்டித்தனமும், ஆசையும், சுற்றுவழியும் கம்பனியின் ஈட்டுப் பொருளாயின! 2025 ஏப்ரில் முதலாந் தேதி பிரிட்டிஷ் எயர்வேஸ் பழைய புள்ளி முறையை நீக்கி, செலவிடும் பணத்தின்படி நிலை வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. ஆண்டுக்கணக்கில் கற்ற கலை ஓர் அறிவிப்போடு பயனற்றுப் போயிற்று. விதியை வகுப்பவனோடு விளையாடுபவன் வெல்வது, வகுப்பவன் அனுமதிக்கும் வரைதான்.

கட்டுநாயக்காவிலிருந்து டோஹாவுக்கு இரவிற் புறப்படும் விமானத்தை மீண்டும் நினைத்துப் பார்ப்போம். முன்னே, திரைக்கு இப்பால், நம் பயணி கால்நீட்டிப் படுத்திருக்கிறார். பின்னே, குறுகிய ஆசனங்களில், வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்கள் இருக்கிறார்கள். பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டு, வாங்கிய கடனை மனத்தில் எண்ணிக்கொண்டு பறக்கிறவர்கள் அவர்கள். அவர்களுக்கு அவ்வழியின் ஒவ்வொரு மைலும் பிரிவு. அவருக்கோ ஒவ்வொரு மைலும் வரவு. இருவரும் ஒரே வேகத்தில் ஒரே திசையிற் செல்கின்றனர். போகவேண்டிய தேவை உள்ளவருக்கு வெகுமதி அற்பம். தேவையே இல்லாதவருக்கு அது மிகுதி. இம்முறையின் அநீதியைக் காட்ட இதனினும் தெளிவான படம் நமக்குக் கிட்டவில்லை.

அப்படியாயின் செய்யவேண்டியது யாது? நோர்வே 2002இல் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேலாக உள்நாட்டுப் பறப்புகளுக்குப் புள்ளி வழங்குவதைத் தடுத்துவைத்திருந்தது. 2013இல் தடை நீங்கிற்று. பிரித்தானியாவின் காலநிலை மாற்றக் குழுவுக்காக 2019இல் எழுதப்பட்ட அறிக்கை ஒன்று இத்தகைய திட்டங்களைத் தடைசெய்யுமாறு பரிந்துரைத்தது. அரசுகள் செய்யக்கூடியது உண்டு என்பதற்கு இவை சான்று. ஆயின் தனிமனிதனுக்கு அரசின் ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. சீட்டை வாங்குமுன் இரு வினாக்களை அவன் தன்னையே கேட்கலாம். வெகுமதி இல்லையெனின் இப்பயணத்தை நான் மேற்கொள்வேனா? இவ்வெகுமதியின் விலையைக் கொடுத்தவர் முகத்துக்கு நேரே நின்று இதனைப் பெற்றேன் என்று சொல்வேனா? இரண்டுக்கும் ஆம் என்று விடை வருமாயின் அவன் மனநிறைவோடு போய்வரட்டும்.

கெட்டித்தனம் வேறு, நேர்மை வேறு. கெட்டித்தனம், விதி எங்கே இடங்கொடுக்கிறது என்று தேடுகிறது. நேர்மையோ, விதி இடங்கொடுத்த பின்னும் எதிரே இருப்பவர் யார் என்று பார்க்கிறது. முன்னதைக் கொண்டு உலகைச் சுற்றி வரலாம். அவ்வுலகில் வாழும் மனிதரை அறிவதற்குப் பின்னதே வேண்டும்.