ஒரு தோட்டாவுக்கு எத்தனை விநாடி?

துப்பாக்கிச் சுடுதல் போட்டிக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்: ரிவால்வர் வாங்கலாமா, செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் வாங்கலாமா, எது துல்லியமாகச் சுடும்? நல்ல தயாரிப்பாக இருந்துவிட்டால் இரண்டுமே, சுடுகிறவரின் கை அனுமதிக்கும் அளவைவிடத் துல்லியமானவை. அதனால் அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: எந்தப் போட்டியில் இறங்கப் போகிறீர்கள், அங்கே ஒரு தோட்டாவுக்கு எத்தனை விநாடி கிடைக்கும்?

25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டியை எடுத்துக்கொள்வோம். இந்திய வீரர் ஜஸ்பால் ராணா 1994இல் ஹிரோஷிமாவிலும் 2006இல் தோஹாவிலும் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்றது இதில்தான். தோஹாவில் அவர் எடுத்தது 600க்கு 590. விதிப்படி குழலின் விட்டம் 7.62 முதல் 9.65 மி.மீ. வரை இருக்கலாம்; ட்ரிகர் குறைந்தது 1,000 கிராம் எடையைத் தாங்க வேண்டும். இந்த வரம்புக்குள் ரிவால்வர், பிஸ்டல் இரண்டுக்கும் இடமுண்டு. மொத்தம் 60 தோட்டா. முதல் 30, ஐந்து ஐந்தாக, ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து நிமிடம். அடுத்த 30 வேகப் பகுதி: கையைத் தாழ்த்தி 7 விநாடி காத்திருக்க வேண்டும், பிறகு கிடைக்கும் 3 விநாடிக்குள் கையை உயர்த்தி ஒரே ஒரு தோட்டா சுட வேண்டும்.

ரிவால்வரின் ஹேமரைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தால் சிலிண்டர் ஓர் அறை திரும்பி, குழலுக்கு நேராக வந்து பூட்டிக்கொள்ளும். அதன்பின் ட்ரிகருக்கு மிச்சமிருப்பது ஹேமரை விடுவிக்கும் வேலை ஒன்றுதான். அந்த இழுப்பு குட்டையாக, கண்ணாடி ஒடிவதைப் போலச் சட்டென்று முடிந்துவிடும். ஹேமரைத் தொடாமல் ட்ரிகரை மட்டும் இழுத்தால், சிலிண்டரைத் திருப்புவதும் ஹேமரைத் தூக்குவதும் அந்த ஒரே விரலின் தலையில் விழும். இழுப்பு நீளமாகவும் கனமாகவும் இருக்கும். ஒற்றைக் கையால் வட்டத்தின் நடுவைக் குறிவைக்கும் போட்டிகளில் முதல் முறைதான் கைகொடுக்கும்.

சிலிண்டரில் ஆறு அறைகள். ஒவ்வோர் அறையும் தன் முறை வரும்போது குழலுக்கு மயிரிழை பிசகாமல் நேராக நிற்க வேண்டும். நல்ல ரிவால்வரிலும் ஓர் அறை மட்டும் சற்றே விலகிப் போடும். அனுபவசாலிகள் அறைகளுக்கு எண் குறித்து, துப்பாக்கியைத் தாங்கியில் அசையாமல் வைத்து ஒவ்வோர் அறையையும் தனித்தனியே சுட்டுப் பார்ப்பார்கள். எந்த அறை தனியே விலகுகிறதோ, போட்டியில் அதைக் காலியாக விட்டுவிடுவார்கள். ஒரு சுற்றுக்கு ஐந்து தோட்டாதானே, நட்டமில்லை. நம் நாட்டில் கான்பூரில் தயாராகும் .32 ரிவால்வரைப் பார்த்துவிட்டு, ரிவால்வர் என்றாலே குறி சரியிருக்காது என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. குட்டைக் குழலும் திருத்த முடியாத சைட்டும் கொண்ட அது தற்காப்புக்கானது. பிரான்சின் மனூரின் எம்.ஆர். 32 மேட்ச் போலப் போட்டிக்கென்றே செய்த ரிவால்வரோடு அதை ஒப்பிடுவது நியாயமில்லை.

சிக்கல் கட்டைவிரலில் இருக்கிறது. ஹேமரை எட்ட அது பிடியை விட்டு மேலே போய்த் திரும்பி வர வேண்டும். அந்தச் சிறு அசைவில் உள்ளங்கைக்கும் பிடிக்கும் இருந்த பொருத்தம் கலைந்துவிடும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் பிடியைப் புதிதாக அமைக்க வேண்டியிருக்கும். சென்டர் ஃபயரின் வேகப் பகுதியில் அதற்கு அந்த 7 விநாடி இடைவெளி போதும். இந்தப் போட்டியில் ரிவால்வர் நெடுங்காலம் தாக்குப்பிடித்ததற்கு அந்த இடைவெளியே காரணம் என்பேன். அதே ரேஞ்சில் நடக்கும் ஸ்டாண்டர்டு பிஸ்டல் போட்டிக்குப் போனால் கதை மாறிவிடும். அங்கே கடைசிப் பகுதியில் ஐந்து தோட்டாவுக்கு மொத்தமே 10 விநாடி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் கட்டைவிரலை மேலே அனுப்பிக்கொண்டிருக்க முடியாது.

பிஸ்டலில் முதல் தோட்டா வெடித்ததும், அதன் விசையே வெற்றுக் கூட்டை வெளியே தள்ளி, ஹேமரை ஏற்றி, அடுத்த தோட்டாவை உள்ளே செலுத்திவிடும். பிடி கலைவதில்லை. எல்லாத் தோட்டாவும் ஒரே அறையிலிருந்து புறப்படுவதால் அறைக்கு அறை வேறுபாடு என்ற பேச்சும் இல்லை. 1968இல் வந்த வால்தர் ஜி.எஸ்.பி. பிஸ்டல், மேகசினை ட்ரிகருக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தது. கைப்பிடிக்குள் எதையும் நுழைக்க வேண்டியிராததால், மரப்பிடியைச் சுடுகிறவரின் கைக்கு ஏற்றபடி செதுக்க முடிந்தது. குழலும் கைக்கு மேலே அதிகம் உயராமல் தாழ்ந்து அமைந்ததால், சுட்டபின் முனை குறைவாகவே எகிறியது.

பிஸ்டலுக்கும் தொல்லை உண்டு, அது தோட்டாவிலிருந்து வருகிறது. சென்டர் ஃபயர் பிஸ்டல்களில் பெரும்பாலானவை சுடுவது .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங். இது ரிவால்வருக்காகப் பிறந்த தோட்டா. இதன் வாட்கட்டர் வகையில் குண்டின் முன்புறம் தட்டையாக இருக்கும். இலக்கு அட்டையில் வட்டமாக, விளிம்பு கிழியாமல் துளை போடும், புள்ளியில் சந்தேகம் எழாது. பின்னுதைப்பும் மென்மை. இவற்றுக்காகத்தான் பிஸ்டல்காரர்கள் அதைச் சுவீகரித்துக்கொண்டார்கள். ஆனால் அதன் அடியில் துருத்தி நிற்கும் விளிம்பு ஒன்று உண்டு. மேகசினில் அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் போய்விட்டால் இரண்டும் கோத்துக்கொண்டு, சுற்றின் நடுவில் துப்பாக்கி நின்றுவிடும். ஐந்தே தோட்டாதான் என்று அலட்சியமாக நிரப்புகிறவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

ரிவால்வரும் பிஸ்டலிடம் கடன் வாங்கியிருக்கிறது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைக்கு .45 பிஸ்டல்கள் போதாமல் போக, அதே தோட்டாவைச் சுடும் ரிவால்வர்களை 1917இல் செய்தார்கள். பிஸ்டல் தோட்டாவுக்குத் துருத்தும் விளிம்பு இல்லாததால், மும்மூன்றாகக் கோத்துப் பிடிக்கும் அரைவட்டத் தகடு ஒன்றை உருவாக்கினார்கள். அதன் வழிவந்த முழுவட்டத் தகடு இன்று ஐப்சிக் (IPSC) எனப்படும் நடைமுறைச் சுடுதல் வகைப் போட்டிகளின் ரிவால்வர் பிரிவில் பயன்படுகிறது. அங்கே புள்ளியை நேரத்தால் வகுப்பார்கள். இரண்டு கையாலும் பிடித்து, ஓடிக்கொண்டே சுட வேண்டும். ஹேமரைக் கட்டைவிரலால் ஏற்ற நேரமில்லை, அந்த நீண்ட, கனத்த ட்ரிகர் இழுப்பையே பழகியாக வேண்டும். அதை எவ்வளவு தூரம் பழக்க முடியும் என்பதற்கு ரிவால்வர் வீரர் ஜெர்ரி மிக்குலெக் சாட்சி. 1999இல் ஆறு சுட்டு, தகட்டோடு மறுபடி நிரப்பி, இன்னும் ஆறு சுட்டு முடிக்க அவருக்கு ஆன நேரம் 2.99 விநாடி. ஆனாலும் ரிவால்வருக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கிறார்களே, அது காரணமில்லாமல் இல்லை. பிஸ்டல்களோடு ஒரே பட்டியலில் நிறுத்தினால் தோட்டா எண்ணிக்கையிலேயே ரிவால்வர் பின்தங்கிவிடும்.

25 மீட்டர் போட்டிகள்தான் இலக்கு என்றால், தயக்கமில்லாமல் பிஸ்டல் என்றே சொல்வேன். ஜி.எஸ்.பி., பார்தினி போன்ற பிஸ்டல்களில் மேல்பாகத்தை மாற்றினால் .22 துப்பாக்கி .32 ஆகிவிடும். ஒரே பிடியை வைத்துக்கொண்டு ஸ்டாண்டர்டு பிஸ்டல், சென்டர் ஃபயர் இரண்டிலும் இறங்கலாம். ஒன்றில் செய்த பயிற்சி மற்றதற்கும் சேரும். ரிவால்வர் வாங்கினால் அது சென்டர் ஃபயரோடு நின்றுவிடும். ஐப்சிக்கின் ரிவால்வர் பிரிவில் மனம் போய்விட்டவர்கள் மட்டும் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அவர்கள் நல்ல ரிவால்வராகப் பார்த்து வாங்கி, தோட்டா போடாமல் அந்த நீண்ட ட்ரிகரை இழுத்து இழுத்துப் பழகட்டும். சைட் அசையாமல் ஹேமர் விழும் வரைக்கும் ரேஞ்சுக்குப் போகும் செலவு வேண்டியதில்லை.