ஏற்பதும் அறமே!

விருந்தோம்பல் தமிழரின் தனிப்பண்பு என்று மேடைதோறும் முழங்குகிறோம். முல்லைக்குத் தேர் ஈந்தான் பாரி என்கிறோம். மயிலுக்குப் போர்வை அளித்தான் பேகன் என்கிறோம். வழிப்போக்கன் தலைசாய்க்கத் திண்ணை கட்டினோம், வாய் வறண்டவன் தாகம் தீர்க்கத் தண்ணீர்ப்பந்தல் வைத்தோம், இல்வாழ்வான் கடமைகளுள் விருந்தோம்பலைத் தனி அதிகாரமாக்கித் தந்தார் வள்ளுவர் என்கிறோம். அத்தனையும் உண்மை! மறுப்பார் இலர். ஆனால் பெருமை பேசி முடித்து, மாலையைக் கழற்றி வைத்து, மேடையைவிட்டு இறங்கியதும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கொடுக்கத் தெரிந்த இந்தக் கை, எவரிடமிருந்தும் வாங்கத் தெரிந்த கைதானா?

கொடுப்பதன்றோ அறம், வாங்குவதில் ஏது அறம் என்று தோன்றலாம். நமக்கும் அப்படித்தான் தோன்றியது, ஒரு சிறுவனின் முகத்தைக் காணும் வரையில்.

பட்டம் பெற்று, ஆசிரியப் பணியேற்று, சிற்றூர் ஒன்றுக்குச் சென்ற புதிது. ஊர் நம்மைத் தாங்கியது என்றே சொல்ல வேண்டும். முதல் வாரம் முழுவதும் அடுப்பு மூட்ட விடவில்லை. ஒரு வீட்டிலிருந்து இட்டலி, மறு வீட்டிலிருந்து குழம்பு, இன்னொரு வீட்டிலிருந்து மோர்! சொல்லாமலே வாசலில் வந்து கிடக்கும் முருங்கைக்காய்க் கட்டு. காய்ச்சலில் படுத்தபோது எதிர்வீட்டு மூதாட்டி கஞ்சி கொண்டுவந்தார். நாம் குடித்து முடிக்கும் வரை அவ்விடம் விட்டு எழவில்லை. ‘இதுவன்றோ தமிழர் வாழ்வு!’ என்று நெஞ்சு நெகிழ்ந்தோம்.

நம் வகுப்பிலே ஒரு மாணவன். வாய்க்காலுக்கு அப்பாலிருந்த சேரிப்பகுதியிலிருந்து வருபவன். கட்டுரைப் போட்டியில் பரிசு பெற்றான். மறுநாள் மாலை தயங்கித் தயங்கி அருகில் வந்தான். “ஐயா, அம்மா உங்களைச் சாப்பிடக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க” என்றான். வருகிறோம் என்றோம்.

அச்செய்தி நம்மை முந்திக்கொண்டு தெருவில் நடந்தது. அன்றிரவு, கஞ்சி தந்த அதே வீட்டுப் பெரியவர் திண்ணைக்கு அழைத்தார். அவர் குரலில் சினமில்லை, அன்பே இருந்தது. “தம்பி, அந்தப் பிள்ளைக்குத் துணி எடுத்துக் கொடுங்க, புத்தகம் வாங்கிக் கொடுங்க. வேணும்னா நானும் தர்றேன். ஆனா அங்கே போய்க் கை நனைச்சிடாதீங்க. அப்புறம் எங்க வீட்டிலே உங்களை எப்படி உட்கார வைக்கிறது?” என்றார்.

நாம் என்ன செய்தோம்? எதிர்த்து வாதிட்டோமா? ஏட்டிலே படித்த சமத்துவத்தை எடுத்துரைத்தோமா? இல்லை. மறுநாள், தலைவலி என்று மாணவனிடம் பொய் சொன்னோம்! “பரவாயில்லைங்க ஐயா” என்றான். நம் பொய்யை அவன் நம்பவில்லை என்பதைக் கண்கள் காட்டின. நம்பியவன்போல் நடந்து நம் மானத்தைக் காத்தான். நம்மிடமில்லாத பெருந்தன்மை அந்தச் சிறுவனிடம் இருந்தது.

அன்றுதான் பெரியவரின் சொற்களைத் திரும்பத் திரும்ப எண்ணினோம். ‘கொடு, ஆனால் வாங்காதே!’ சாதி என்னும் கட்டடம் முழுவதும் இந்த ஒரு வரியின் மேலன்றோ நிற்கிறது! பொங்கலன்று சேரிக்குப் புதுத்துணி கொடுப்பர். கோயில் விழாவில் சோறும் போடுவர். அங்கிருந்து வருவதிலும் அரிசியை வாங்குவர், வெல்லத்தை வாங்குவர், தேங்காயை வாங்குவர். ஆனால் அதே அரிசி அவர்கள் அடுப்பில் ஏறி வெந்து சோறானால் வாங்கார்! அரிசியில் இல்லாத தீட்டு, கொதிக்கும் நீரில் எங்கிருந்து புகுந்தது? நெருப்பு தூய்மை தரும் என்று வேள்வி வளர்த்தோர் நாட்டிலே, அந்த வீட்டு அடுப்பின் நெருப்புக்கு மட்டும் அந்த ஆற்றல் அற்றுப்போனது எப்படி?

மேலிருந்து கீழே போடுவது எளிது. கொடுப்பவன் உயர்ந்தே நிற்கலாம். ஏற்பவன் தாழ்ந்தே நிற்பான். உலகம் கொடுத்தவனைப் புகழும். ஏற்பதோ அப்படியன்று. ஒருவர் கையிலிருந்து ஒரு குவளை நீரை வாங்கிப் பருகும்போது, ‘உன் கை என் கையைப் போன்றதே’ என்று சொல்லாமற் சொல்கிறோம். அந்தச் சொல் வாயில் வராதபடி தடுக்கத்தான், கொடுப்பதைப் புண்ணியமாக்கி, ஏற்பதைத் தீட்டாக்கி வைத்தார்கள்.

வரலாறும் இதையே சொல்கிறது. 1920-களின் நடுவில் சேரன்மாதேவி குருகுலத்தில் எழுந்த போர் எதற்காக? பலரும் வழங்கிய பொதுப்பணத்தில் நடந்தது அந்தக் குருகுலம். பணம் தந்த கைகளில் தீட்டில்லை. பிள்ளைகள் ஒன்றாக அமர்ந்து உண்பதில்தான் தீட்டு வந்து புகுந்தது! பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி. தந்தை பெரியார் கொதித்தெழுந்தது அந்தப் பந்தியைக் கண்டுதான். பின்னர்ச் சுயமரியாதை மாநாடுகளில் சமபந்தி உணவு இடம்பெற்றதும் வயிற்றுப் பசிக்காக அன்று, மானப் பசிக்காக.

விருந்து என்ற சொல்லையே எண்ணிப் பாருங்கள். புதுமை என்பதே அதன் பொருள். தொல்காப்பியமும் அப்பொருளில் ஆள்கிறது. உறவினனுக்கு இலைபோடுவது உறவு. நண்பனுக்கு இலைபோடுவது நட்பு. நம் வட்டத்துக்கு அப்பாலிருந்து வரும் புதியவனுக்கு இலைபோடுவதே விருந்து. அப்படியானால், பலநூறு ஆண்டுகளாக ஒரே ஊரில் வாழ்ந்தும் நம் வீட்டுக்குள் நுழையாமலே ‘புதியவர்’களாக நிறுத்தப்பட்டவர்கள் எவர்? வாய்க்காலுக்கு அப்பால் இருப்பவர்களன்றோ!

‘உண்பது அவரவர் விருப்பம், கட்டாயப்படுத்துவது அறமா?’ என்று கேட்பார் உண்டு. கட்டாயம் வேண்டாம். ஆனால் விருப்பம் என்றால் அது எங்கும் ஒன்றாக இருக்க வேண்டுமே! நகரத்து உணவு விடுதிக்குச் செல்கிறார். சமைத்தவர் எவர் என்று கேட்பதில்லை. பரிமாறியவர் எவர் என்று பார்ப்பதில்லை. உண்டு, ஏப்பம் விட்டு, காசு கொடுத்து வருகிறார். ஊர் எல்லையை மிதித்ததும் நாக்குக்குச் சாதி முளைத்துவிடுகிறது! இது சுவையுமன்று, தூய்மையுமன்று; அண்டைவீட்டார் கண்ணுக்கு அஞ்சும் அச்சம். அந்த அச்சத்தை நாம் அறிவோம். நமக்கு வந்த தலைவலிக்கும் அதுவே பெயர்.

பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரங்களில் மொய் விருந்து நடத்துவர். பந்தலிட்டு விருந்து வைத்து, வந்தோர் தரும் பணத்தை ஏட்டில் குறித்து, பின்னர் அவர்கள் விருந்து வைக்கும்போது திருப்பிச் செய்வர். கணக்குப் பார்க்கும் அன்பு என்று சிலர் நகைப்பதுண்டு. நாம் நகையோம். அங்கே வாங்குவதில் இழிவில்லை. இன்று கொடுத்தவன் நாளை வாங்குவான், இன்று வாங்கியவன் நாளை கொடுப்பான். இருவழியும் நடக்கும் பாதை அது. வேண்டுவதெல்லாம், அந்த இருவழிப் பாதை வாய்க்காலைக் கடந்தும் செல்ல வேண்டும் என்பதே.

அரசு தன் பங்கைச் செய்திருக்கிறது. நீதிக்கட்சிக் காலத்தில் 1920-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய பகலுணவு, 1956-இல் காமராசரால் மாநிலமெங்கும் பரவத் தொடங்கி, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்து, 2022-இல் காலைச் சிற்றுண்டியாகவும் வளர்ந்தது. அது பசியை மட்டும் தீர்க்கவில்லை. எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் அமர்த்தியது. அப்படியிருந்தும், சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதற்காகத் தம் பிள்ளைகளை உண்ணவிடாமல் தடுத்த பெற்றோரைப் பற்றிய செய்திகள் அண்மை ஆண்டுகளிலும் வந்தன. தீண்டாமையை ஒழித்தோம் என்று 1950-இலேயே சட்டம் எழுதினோம். சட்டம் தெருவரை வரும். கதவைத் திறந்து அடுப்படிக்குள் வர அதற்கு வழியில்லை. அங்கே நாம்தான் நடந்து செல்ல வேண்டும்.

நடந்து சென்றோம், மூன்று வாரம் கழித்து. அழைப்பை நாமே கேட்டு வாங்கிக்கொண்டு! மண் சுவர், சாணமிட்டு மெழுகிய தரை, கருவாட்டுக் குழம்பின் மணம். மாணவனின் தாய் செம்புடன் வாயிலில் நின்றார். “கை கழுவ நான் ஊத்தட்டுங்களா ஐயா, இல்லே நீங்களே மொண்டுக்கிறீங்களா?” என்று கேட்டார். நாம் கூசிப் பின்வாங்க விரும்பினால், அவமானமின்றிப் பின்வாங்கவும் வழிவைத்துக் கேட்ட கேள்வி! எத்தனை தலைமுறைப் பட்டறிவு அந்தக் கேள்விக்குள் இருந்தது!

“நீங்களே ஊற்றுங்கள், அம்மா” என்றோம்.

அதன்பின் இரண்டு வீட்டுக் குழம்பு நின்றுபோனது. பெரியவர் சில மாதங்கள் பேசவில்லை. மூதாட்டியின் மோர் மட்டும் நிற்கவில்லை. பழக்கத்தை வெல்லும் ஈரம் நம் மக்கள் நெஞ்சில் உண்டு என்பதற்கு அந்த மோரே சான்று.

ஆகவே, ஈகையின் பெருமை பேசும் தோழர்களே! கொடுங்கள், மறுக்கவில்லை. ஆனால் அடுத்தமுறை வாய்க்காலைத் தாண்டும்போது, கையில் எதையும் கொண்டு போகாதீர்கள். வெறுங்கையோடு சென்று, அந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, “தாகமாயிருக்கிறது, தண்ணீர் கொடுங்கள்” என்று கேளுங்கள். கொடுத்துக் கொடுத்து நாம் கட்டிய மேட்டை, ஒரு குவளை நீர் கேட்டு வாங்கிக் கரைப்போம்!