முதல் படகு

2023 டிசம்பர் தொடக்கத்தில் வந்த மிக்ஜாம் புயல், சென்னையில் எங்கள் தெருவை முழங்கால் தண்ணீரில் விட்டுவிட்டுப் போனது. பிள்ளைகளுக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று இரண்டு வாரத்தில் ஏரலுக்குக் கிளம்பினோம். சேர்மன் அருணாசல சுவாமி கோயிலில் கும்பிட்டுவிட்டு, தாமிரபரணியில் குளித்து, திருச்செந்தூரில் கடல் பார்த்துத் திரும்புவதாகத் திட்டம். ஒரு ஆச்சி வீட்டு மாடியில் அறை எடுத்திருந்தோம். வெள்ளத்துக்குத் தப்பி வெள்ளத்துக்கே வந்திருக்கிறோம் என்பது மார்கழி முதல் தேதி, 17ஆம் தேதி ஞாயிறன்று மெல்லத் தெரிய ஆரம்பித்தது.

அது புயல்கூட இல்லை. குமரிக்கடல் பக்கம் நின்ற ஒரு காற்றுச் சுழற்சி; அதற்குப் பெயரும் கிடையாது. ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. இந்த மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைக்கும் மழையைவிட அது அதிகம். குளங்கள் உடைந்தன. ஆறு ஊருக்குள் வந்தது. கடைத்தெரு முங்கியது, பாலம் சேதமானது, கரண்டும் செல்போனும் போயின.

ஆச்சியும் எதிர்வீட்டு அண்ணாச்சி குடும்பமும் மாடிக்கு ஏறி வந்தார்கள். அவர்கள் வீடு கீழே தண்ணீருக்குள் இருந்தது. ஆனாலும் கஞ்சி முதலில் என் பிள்ளைகளுக்குத்தான் வந்தது. வேண்டாம் என்றால் ஆச்சிக்குக் கோபம் வரும். "எய்யா, நம்பி வந்த புள்ளைய பசியோட இருந்தா ஊருக்குல்லா கெட்ட பேரு?"

புதன்கிழமை படகு வந்தது. நாலைந்து பேருக்குத்தான் இடம். அண்ணாச்சிக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் குப்பியை மண்பானைத் தண்ணீரில் போட்டு வைத்திருந்தார். இன்னும் ஒரு நாளைக்குத்தான் தேறும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆச்சி எங்களைக் கைகாட்டினாள். அண்ணாச்சியும், "நீங்க மொதல்ல போங்க தம்பி, சின்னப் புள்ளைய வச்சிருக்கீய. அங்க போயி மருந்த மட்டும் சொல்லிவிட்டாப் போதும்" என்றார். சரி என்றேன். ஏறினோம்.

தார் ரோடு தெரிந்த மேட்டில் இறங்கியதும் பிள்ளைகளுக்கு உடுப்பு மாற்றினோம். ஒரு கடையில் போனுக்குச் சார்ஜ் போட்டேன். சென்னைக்குப் பேசினேன். டீ குடித்தேன். மருந்து என் நினைவுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். அன்றைக்கு இனி படகு இல்லை என்றார்கள்.

மறுநாள் வேறொரு படகில் அண்ணாச்சி பத்திரமாக வந்துவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒன்றும் ஆகவில்லை என்பதால் நான் செய்தது சரியாகிவிடுமா? அந்த ஒரு ராத்திரி அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்னைக் குற்றவாளி என்பீர்கள். ஆகாததால் மறதிக்காரன். இரண்டிலும் நான் செய்தது ஒன்றேதான். நடுவில் இருந்தது அவருடைய உடம்பின் தெம்பு. என் நேர்மை அல்ல.

படகில் முதலில் ஏறியது தப்பா என்று ரொம்ப நாள் யோசித்தேன். பிள்ளைகள் இருந்தார்கள், அது தப்பில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் நான் அந்த இடத்தை ஒரு பரிசு மாதிரி வாங்கிக்கொண்டேன். அது பரிசு இல்லை, பொறுப்பு. முதலில் போகிறவன் பின்னால் நிற்பவர்களுக்காகவும் போகிறான். அவர்கள் பசி, மருந்து, ஆள் கணக்கு எல்லாவற்றையும் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவன் அவன். அதற்குச் சம்மதிக்காவிட்டால் அந்த இடம் அவனுடையதே இல்லை.

விருந்தோம்பலுக்குத் திருக்குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது. விருந்தாளியின் கடமைக்குத் தனியாக ஒன்று இல்லை. செய்ந்நன்றி அறிதல் இருக்கிறதே என்பீர்கள். நன்றி நிதானமாக வரலாம், ஊர் திரும்பிய பிறகும் வரலாம். நான் சொல்லும் கடமைக்குச் சாயங்காலம் வரைகூட நேரமில்லை.

அதே நாட்களில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சிக்கி நின்றது. சுமார் 800 பயணிகள். பக்கத்திலுள்ள புதுக்குடி ஜனங்கள், தங்கள் ஊரைச் சுற்றியும் வெள்ளம் நிற்க, அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். பயணிகள் மீட்கப்பட்டு வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் சென்னைக்கு வந்தார்கள். நாடே அந்த ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ரயில் செய்தி முடிந்த பிறகும் புதுக்குடி அங்கேயேதான் இருந்தது. விருந்தாளிக்குப் போவதற்கு ஓர் ஊர் இருக்கிறது. உபசரிப்பவருக்கு இருப்பது அந்த ஒரு ஊர்தான்.

அடுத்த ஆடி அமாவாசைக்கு ஏரல் போனேன். அண்ணாச்சி வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு என் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. நடந்ததைச் சொன்னேன். "அப்படியா? நீங்க சொல்லித்தான் படகு வந்துச்சுன்னுல்லா நெனச்சேன்" என்றார். அப்புறம் உள்ளே திரும்பி, தம்பிக்குச் சோறு எடுத்து வை என்று குரல் கொடுத்தார்.

உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்தச் சோறு எளிதாக இறங்கவில்லை.